மழலைப் பள்ளியின் ஆண்டிறுதி

குஜராத்தின் பாவநகரில் 1920-இல் பாலமந்திர் என்னும் மழலைப் பள்ளியைத் தொடங்கியவர் கிஜுபாய் பதேகா. ‘மீசை வைத்த அன்னை’ என்றே அவர் அழைக்கப்பெற்றார். அடியும் அச்சமுமின்றிக் குழந்தை கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அத்தகைய பள்ளியின் ஆசிரியைக்கு ஆண்டிறுதியில் கிட்டும் இன்பம் யாது? மதிப்பெண் அன்று. முதல் நாள் தாயின் முந்தானையை விடாது அழுத குழந்தை, இன்று அழும் தோழனைத் தேற்றுகிறது. வீட்டுத் தமிழ் ஒன்றே அறிந்து வந்த நம் குழந்தை, குஜராத்தியில் கதை சொல்லுகிறது. தம் கையை அது விட்டுச் செல்வதே ஆசிரியையின் வெற்றி.

அக்கதையை மாலையில் தமிழிலும் சொல்லக் கேட்பது நம் கடமை. இல்லையேல் பள்ளி தந்த மொழி வளர, வீடு தந்த மொழி தேயும். கேட்போமாயின், அவ்வாசிரியையின் இன்பத்தில் நமக்கும் பங்குண்டு.