புவியிடங்காட்டி வழிகாட்டிச் செயலிகளின் வரம்புகள்

ஜி.பி.எஸ். எனப்படும் புவியிடங்காட்டியைக் கொண்டு, சேர வேண்டிய இடத்துக்கு வழி சொல்லும் மென்பொருள் வழிகாட்டிச் செயலி ஆகும். திறன்பேசி, கைக்கணினி போன்ற கையடக்க இணையக் கருவிகளில் இது இயங்குகிறது. செயலி வழி தவறினால் "ஜி.பி.எஸ். தப்பாகக் காட்டிவிட்டது" என்பது வழக்கம். ஆனால் செயற்கைக்கோள்களின் உதவியால் தெரியவருவது கருவி இப்போது இருக்கும் இடம் மட்டுமே. ஊர்ப்பெயர், சாலை, திருப்பம், பயண நேரம் ஆகியவை வேறு தரவுகளிலிருந்து வருகின்றன. எனவே தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று பிரித்தறிவது பயனுள்ளது.

இருப்பிடம் கணக்கிடப்படும் முறை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் துல்லியமான நேரத்தையும் தன் இருப்பையும் அலைகளாக அனுப்புகிறது. அலை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தொலைவைக் கருவி கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் மூன்றும் தெரியும். நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிழை நேர்ந்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். திறந்த வெளியில் திறன்பேசியின் துல்லியம் பொதுவாக 5 மீட்டர் அளவில் இருக்கும்.

மலை, மரம், கட்டடம்

இந்த அலைகள் தரையை அடையும்போது மிகவும் வலுவிழந்திருக்கும். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரங்களில், மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கு வானின் ஒரு பகுதியை மறைக்கிறது. கிழக்கே உள்ள செயற்கைக்கோள்கள் மட்டும் கிடைத்தால், அவை ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதால் கணக்கில் பிழை கூடும். அடர்ந்த மரங்களும் அலைகளைக் குறைக்கின்றன. நெருக்கமான தெருக்களில் அலை சுவர்களில் பட்டுத் திரும்பி, நீண்ட பாதையில் வருவதால், நாம் பக்கத்துத் தெருவில் நிற்பதாகச் செயலி காட்டலாம்.

இணைய இணைப்பு

செயற்கைக்கோள்கள் தங்கள் பாதைக் குறிப்புகளை வினாடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் அனுப்புகின்றன. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழுப் பட்டியல் வந்துசேர 12½ நிமிடம் ஆகும். திறன்பேசி இக்குறிப்புகளைச் செல்பேசி வலையமைப்பின் வழியாக உடனே பெற்றுவிடுகிறது. 2007-இல் வெளியான நோக்கியா என்810 இணையக் கைக்கணினியில் ஜி.பி.எஸ். இருந்தது, சிம் அட்டைக்கு இடமில்லை. அதனால் முதல் இருப்பிடம் தெரியவே நிமிடக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இன்றும் சிக்னல் கிடைக்காத இடத்தில், முன்பே பதிவிறக்காத வரைபடம் திறக்காது. இருப்பிடத்தைக் குறிக்கும் புள்ளி தெரியும். அதைச் சுற்றிச் சாலைகள் தெரியாது.

ஒரே பெயர், இரண்டு ஊர்கள்

செயற்கைக்கோளுக்கும் ஊர்ப்பெயருக்கும் தொடர்பில்லை. விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை ஒட்டி, அரசு சிமெண்டு ஆலையால் அறியப்படும் ஆலங்குளம் உள்ளது. தென்காசி மாவட்டத்தில், திருநெல்வேலி–தென்காசி சாலையில், வட்டத் தலைநகரான இன்னொரு ஆலங்குளம் உள்ளது. இரண்டுக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. பெயரை மட்டும் இட்டுத் தேடினால், பெரிய ஊரான தென்காசி ஆலங்குளம் முதலில் வரக்கூடும். தேர்ந்தெடுத்த ஊர் தவறாக இருந்தால், செயலி ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடாமல் அந்தத் தவறான ஊருக்கே கொண்டு சேர்க்கும்.

வரைபடமும் பயண நேரமும்

வரைபடத்தில் கோடாக உள்ளதெல்லாம் வாகனம் போகும் சாலை அல்ல. கண்மாய்க் கரைப் பாதையும் கரிசல் காட்டு வண்டிப்பாதையும் செயலிக்குக் குறுக்கு வழியாகத் தெரியலாம். மழை பெய்தால் அவற்றில் சக்கரம் புதைந்துவிடும். நெரிசல் பற்றிய தகவல் பெரும்பாலும் சாலையில் செல்லும் பிறரின் திறன்பேசிகளிலிருந்து திரட்டப்படுகிறது. போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளில் அத்தகவல் போதிய அளவு கிடைக்காது. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்காகத் தெருக்கள் அடைக்கப்படும்போது, அதை யாரும் பதிவு செய்யாவிட்டால் செயலி அத்தெரு வழியாகவே போகச் சொல்லலாம்.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

* ஊர்ப்பெயருடன் மாவட்டத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண்ணும் உதவும்: விருதுநகர் மாவட்ட ஆலங்குளத்துக்கு 626 எனவும், தென்காசி மாவட்ட ஆலங்குளத்துக்கு 627 எனவும் தொடங்கும்.
* அகலாங்கையும் நெட்டாங்கையும் அனுப்பினால் பெயர்க் குழப்பம் வராது. விருதுநகர் மாவட்ட ஆலங்குளம் வடக்கு அகலாங்கு 9 பாகைக்கு மேலும், தென்காசி மாவட்ட ஆலங்குளம் 9 பாகைக்குக் கீழும் உள்ளன.
* புறப்படுமுன் மொத்தத் தொலைவையும் முழுப் பாதையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்து ஊருக்கு 70 கிலோமீட்டர் என்று காட்டினால் ஊர் மாறியிருக்கிறது.
* மலையடிவாரத்துக்குச் செல்வோர் அப்பகுதி வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.
* 108 ஊர்தியையோ தீயணைப்பு வண்டியையோ அழைக்கும்போது மாவட்டம், வட்டம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே தள்ளி அமைந்திருக்கும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில், முதன்மைச் சாலையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழிகாட்டினால் வீணாகும் நேரம் குறையும்.