எழுபது எழுத்துக்குள் ஓர் அழைப்பு

மார்பகப் பரிசோதனைக்கு வாங்கம்மா என்று கூப்பிட்டால், மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. ஆடி முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் வீடே உறவுக்காரர்களால் நிறைந்துவிடும். அந்த நேரத்தில், வலியே இல்லாதபோது ஆஸ்பத்திரிக்கு யார் கிளம்புவார்கள்? தள்ளிப்போட்டது மறந்தே போகும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம்தான். நாட்டின் சராசரி 0.9 என்பதில் நமக்கு ஆறுதல் ஏதுமில்லை.

மறதியை எதிர்க்க லண்டனின் ஹில்லிங்டன் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. 2012-13இல், முதன்முறையாக மேமோகிராம் அழைப்பு பெற்ற 2,240 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, குறித்த நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு ஒரு குறுஞ்செய்தி. மற்றப் பிரிவில் 59 சதவீதம் பேர் வந்தார்கள். செய்திப் பிரிவில் 64. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் செய்திப் பிரிவில் பத்துக்கு நாலு பேரின் செல்பேசி எண்தான் மருத்துவரிடம் இருந்தது. எண் இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் 60க்கும் 72க்கும்!

நம் ஊரில் இது எடுபடுமா? சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. உணவு, நடை பற்றிக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 18 சதவீதத்தினருக்கு நோய் வந்தது, பெறாதவர்களில் 27. ஆக, கைபேசிச் செய்திக்கு இங்கேயும் வலு உண்டு.

லண்டன் பெண்ணுக்கு நாளும் நேரமும் கடிதத்திலேயே வந்துவிடுகிறது. நம் பெண்ணிடம் "ஒருநாள் வாங்க" என்கிறோம். அந்த ஒருநாள் நாள்காட்டியில் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர், தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, கணவர் நம்பரோ மகன் நம்பரோ அல்லாமல் அந்த அம்மாவின் சொந்த நம்பரையே எழுதிக்கொள்ள வேண்டும்.

செய்தி தமிழில் போக வேண்டும். குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அதில் 160 எழுத்து அடங்கும்; தமிழில் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 'ஸ்ரீரங்கம்' மட்டுமே 10 இடம் பிடிக்கும். "அம்மா, நாளை காலை 10 மணி, ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரி, மார்பகப் பரிசோதனை." இது 66. 'அரசு' என்று ஒரு சொல் சேர்த்தால் 71 ஆகி, இரண்டு செய்திக்கான செலவாகிவிடும். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போன் என்றால் 'மார்பக' என்ற சொல்லையும் விட்டுவிடுவதே அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை.

வந்தபின் முதலில் வேண்டியது பெரிய இயந்திரமல்ல. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆகவே திருச்சியில் தொடங்கினால் முதல் செய்தி ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் போகட்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் கால்வாசிப் பேருக்குச் சொந்தக் கைபேசி கிடையாது. அவர்கள் வீட்டுக்கு முந்தின நாள் தன்னார்வலரே போய்ச் சொல்ல வேண்டும்.