அந்தரத்தில் அமர்ந்தவர்

ஓட்டமாவடி போன்ற நம்மூர்களின் பாடசாலை மண்டபங்களிலே மாயவித்தை காட்டி மக்களை மகிழ்விக்கும் இளைஞர்கள், தம் கைத்திறனோடு தம் கலையின் பூர்வ சரித்திரத்தையும் ஊன்றிப் பயில வேண்டுமென்று மனமார விரும்புகிறோம். 1830ஆம் ஆண்டையொட்டிச் சென்னையிலே சேஷால் என்னும் அந்தணர், ஒரு தண்டத்தின்மேல் கரத்தை மாத்திரம் ஊன்றி, பூமியைத் தீண்டாது அந்தரத்தில் அமர்ந்து ஜனங்களைப் பிரமிக்கச் செய்தார். தண்டத்திலிருந்து ஆடைக்குள் மறைந்து சென்ற உலோகச் சட்டமே அவரைத் தாங்கியிருக்க வேண்டுமென்பர். அதையொத்த உபாயத்தால் 1847இல் பாரிஸ் நகரத்து மாயவித்தைக்காரர் ரொபேர் ஊதேன் தம் புதல்வனை அந்தரத்தில் கிடத்தியபோது, பழைய வித்தைக்குப் புதிய கதையொன்றை, எத்துணை நுட்பமான கற்பனை அது, புனைந்தார்: வைத்தியர்கள் அப்போதுதான் கையாளத் தொடங்கியிருந்த ஈதர் என்னும் மயக்கமருந்தின் சக்தியே இதுவென்று கூறி, அதன் வாசனையையும் அரங்கமெங்கும் பரவச் செய்தார்.