மாலைப் பாலில் தயிர் ஐஸ்: இனிப்பும் உறைப்பும்

காலைப் பாலுக்கு ஆள் உண்டு. சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகலாம். தேநீர்க் கடைக்குக் கொடுக்கலாம். அயலில் குழந்தையுள்ள வீட்டுக்கு அரைப் போத்தல் அளக்கலாம். மாலைப் பாலின் கதை வேறு. பல ஊர்களில் பால் எடுக்கும் வண்டி காலையில் மட்டுமே வந்து போகிறது. சொந்தக் காணியை விட்டு வந்து, இன்னொருவர் வளவில் ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, பின்னேரம் கறக்கும் இரண்டு மூன்று போத்தல் பாலை என்ன செய்வது என்பதே கவலை. தயிராக்கினாலும் எல்லா வீட்டிலும் தயிர் இருக்கும் காலத்தில் அதை வாங்குவார் யார்?

அதே ஊரில் மறுநாள் மதியம் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ஐஸ் பக்கற் வாங்கச் சில்லறைக் காசுடன் ஓடுகிறார்கள். சிவப்புத் தண்ணீர், சீனி, சாயம், அவ்வளவுதான் அதில் இருப்பது. மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் வாங்குகிறது. வீட்டில் மிஞ்சிய தயிரைக் கட்டியாக்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியுமா என்று பார்க்கவே நாம் இந்த முயற்சியில் இறங்கினோம். முடியும். மின்சாரம் இல்லாத வீட்டிலும் முடியும். ஆனால் சில இடங்களில் கவனம் தேவை.

முதல் கவனம் பாலில். பாலைப் பொங்கக் காய்ச்சி, பொங்கிய பின்னும் சிறு நெருப்பில் சில நிமிடங்கள் வைத்திருங்கள். குளிரில் கிருமிகள் செத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குளிரில் அவை உறங்கும், உருகியதும் எழும்பும். ஆகவே கிருமியை அழிப்பது காய்ச்சும் வேளையில் மட்டும்தான் நடக்கும். காய்ச்சிய பாலை மூடி ஆற விட்டு, மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் இளஞ்சூடாகத் தெரியும் பக்குவத்தில், ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி நல்ல தயிரை உறையாகக் கலக்கி வையுங்கள். இரவு எட்டு மணிக்கு வைத்தால் விடியப்புறம் உறைந்திருக்கும்.

சில நாளில் எவ்வளவு நல்ல உறை போட்டாலும் பால் தயிராகாமல் தண்ணீராகவே கிடக்கும். அப்படியானால் மாட்டுக்கு அண்மையில் ஊசி போட்டதா என்று யோசித்துப் பாருங்கள். மடிவீக்கத்துக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாலில் வந்தால், தயிராக்கும் நல்ல கிருமியையும் அது கொன்றுவிடும். அந்தப் பாலை மனிதருக்குக் கொடுக்கக் கூடாது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை ஊசி போட்ட மிருக வைத்தியரிடம் அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நாம் முதன்முறை செய்தபோது தயிரில் சீனியைக் கலந்து அப்படியே உறைய வைத்தோம். கிடைத்தது கருங்கல். கடித்தால் பல் கூசியது. உறிஞ்சினால் இனிப்பு முழுவதும் முதலில் வந்துவிட, வெறும் பனிக்கட்டி மிஞ்சியது. காரணம் தயிரில் உள்ள தண்ணீர். அது மெதுவாக உறையும்போது பெரிய பளிங்குகளாகக் கட்டிவிடுகிறது. எனவே அவித்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் தயிரைக் கட்டி, கீழே சட்டி வைத்து, விடியற்காலைக் குளிரில் மூன்று மணித்தியாலம் தொங்க விட வேண்டும். ஒரு லீற்றர் பசுப்பால் தயிர் ஏறக்குறைய அரைக் கிலோ கட்டித் தயிராக வற்றும். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். அதற்கு ஒரு மணித்தியாலம் போதும். வடிந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரொட்டி மா குழைக்கலாம். மிச்சத்தைக் கன்று குடிக்கும்.

இனிப்பு வகைக்கு, அரைக் கிலோ கட்டித் தயிருக்கு 125 கிராம் சீனியும் ஒரு தேநீர்க் கோப்பை மாம்பழச் சாறும் போதும். கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம். சீனிக்குப் பதில் பனங்கட்டி போடுவோர் அதைச் சிறிது நீரில் காய்ச்சி, மண் போக வடித்து, நன்றாக ஆறிய பின் சேர்க்க வேண்டும். நிறம் மங்கலாக இருக்கும், சுவை மங்காது. குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். ஆகவே உறைய வைக்குமுன் ருசி பார்க்கும்போது ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும். அதற்காக அள்ளிக் கொட்டினால் கலவை உறையவே மாட்டாது.

உறைப்பு வகையைத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து, “உதென்ன பிள்ளை, ஐஸ்பழத்துக்கு ஆரும் மிளகாய் போடுவினமே?” என்று கேட்டார். “மோருக்குப் போடுறதுதானே ஆச்சி,” என்றோம். ஆச்சி சிறிது யோசித்துவிட்டு, “அப்ப இஞ்சியும் போடு,” என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். அரைக் கிலோ கட்டித் தயிருக்கு விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒன்று, பெருவிரல் நுனியளவு இஞ்சி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. இம்மூன்றையும் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து மையாக அரைக்க வேண்டும். வறுத்துப் பொடித்த நற்சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. சீனி மூன்று மேசைக்கரண்டி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மறுபடியும் கருங்கல்தான். தாளிதம் போட வேண்டாம். எண்ணெய் குளிரில் மெழுகுபோலத் திரண்டு வாயில் ஒட்டும்.

மிளகாயின் அளவில் விளையாட வேண்டாம். குளிர் முதலில் உறைப்பை மறைத்துவிடும். கட்டி கரைந்து தொண்டைக்குள் போன பிறகுதான் அது தெரியவரும். பெரியவர் சிரிப்பார், சின்னப் பிள்ளை அழும். தயிரே உறைப்பை ஓரளவு தணிக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு இஞ்சியும் சீரகமும் மட்டும் போதும்.

எமது பிள்ளைகளிடம் வென்றது மூன்றாவது வகை. பஸ் நிலையத்தில் அன்னாசித் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்களே, அதே ருசி. ஆனால் பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டால் சற்று நேரத்தில் தயிர் இளகிக் கசந்துவிடும். அன்னாசியில் பாலின் புரதத்தை அரிக்கும் பொருளொன்று உண்டு. பப்பாசியிலும் அப்படியொன்று இருக்கிறது. சூட்டில் அதன் வலு போய்விடும். ஆகவே அரை அன்னாசியைப் பொடியாக வெட்டி, நான்கு மேசைக்கரண்டி சீனியுடன் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் கால் தேக்கரண்டி செத்தல் மிளகாய்த்தூளும் சேர்த்து ஆற வையுங்கள். கறிக்குப் போடும் சரக்குத்தூள் அல்ல, தனி மிளகாய் இடித்த தூள். முழுதும் ஆறிய பின் அதைச் சீனி கலந்த தயிருடன் புரட்ட வேண்டும்.

இனி உறைய வைப்பது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் ஐஸ்கட்டியும் கட்டி உப்பும் தேட வேண்டும். மீன் வாடிகளுக்கு ஐஸ் வரும் ஊர்களில் இது சிரமமில்லை. சாக்கில் போட்டு உடைத்த ஐஸ் நான்கு பங்குக்கு உப்பு ஒரு பங்கு என ஒரு வாளியில் அடுக்குங்கள். உப்புப் பட்டதும் ஐஸ் வேகமாக உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். வெறும் ஐஸ் பூச்சியம் பாகையில்தான் நிற்கும், அதில் தயிர் உறையாது. உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகை வரை இறங்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் கலவையை முக்கால்வாசி நிரப்பி, ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்து, வாளியைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கிளற வேண்டும். முக்கால் மணித்தியாலமளவில் கரண்டியால் அள்ளும் பக்குவத்துக்கு வரும். குச்சி செருகிய ஐஸ்பழம் வேண்டுமானால், கிளறிய கலவையை ஒடுங்கிய பேணிகளில் நிரப்பி, புதிய ஐஸும் உப்பும் இட்டு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

வாடி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது. அது பாத்திரத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும்; ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. அந்த உப்பு நீரில் வெறும் கையை வைத்திருந்தால் விரல் மரத்துப் புண்ணாகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் வேலை இலகு. ஐஸ் அறையில் வைத்து முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மூன்று தடவை கிளறினால் போதும். ஆனால் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டோம். உருகியதை மறுபடி உறைய வைத்து விற்பது கூடாது. மின்வெட்டு வந்தால் கதவைத் திறவாதீர்கள். உருகிவிட்டால் குளிர் இருக்கும்போதே வீட்டார் குடித்து முடியுங்கள்.

விற்பதாயின் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் பேசுங்கள். அனுமதி பற்றிப் பிரதேச சபையிலும் கேளுங்கள். பிறகு கணக்கு. பாலின் விலையை மட்டும் எழுதி இலாபம் பார்க்கிறவர்களே அதிகம். ஐஸ், உப்பு, சீனி, விறகு, கோப்பை, ஐஸ் எடுக்கப் போன பஸ் காசு, விலைப்படாமல் உருகியது எல்லாம் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதிப் பார்த்ததில் நமக்குத் தெரிந்தது இது: சொந்த மாட்டின் மாலைப் பால் மிஞ்சும் வீட்டுக்கு இது கைகொடுக்கும். பாலை விலைக்கு வாங்கிச் செய்ய வேண்டாம். பாடசாலை விடுமுறையிலும் மாரியிலும் ஐஸ் விலைப்படாது. அந்த மாதங்களில் தயிரில் மோர் மிளகாய் போட்டு, வெயில் கிடைக்கும் நாட்களில் காயவைக்கலாம்.

வேலை முடிந்ததும் வாளியில் உள்ள உப்பு நீரை மிளகாய்க் கன்றடியில் ஊற்றிவிடாதீர்கள், கன்று கருகிவிடும். அகன்ற தட்டில் வடித்து வெயிலில் வையுங்கள். ஓரிரு நாளில் உப்புத் திரும்பக் கிடைக்கும். சமையலுக்கு ஆகாது, அடுத்த ஐஸுக்கு ஆகும்.