படம் பிடிக்கும் லேசர், கைநாட்டுக் கேட்கும் காகிதம்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் தாக்கும் இடங்களில் ஒன்று பார்வை நரம்பு. மெத்தனாலில் சிக்கி உயிர் பிழைத்தவர்களுக்கும் பார்வை பறிபோவது இதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் பழுது தெரியாது. உள்ளே நரம்பிழைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும்.

அந்த மெலிவை அளந்து காட்டுவது ஓ.சி.டி. என்ற ஒளி ஸ்கேன். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள இழைப்படலம் நல்ல கண்ணில் சராசரியாக 100 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் சில மைக்ரான் குறைந்தாலும் இந்தக் கருவி சொல்லிவிடும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியையோ நட்சத்திரக் குறியையோ சில நொடி உற்றுப் பார்த்தால் போதும்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி இது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹுவாங் என்ற ஆய்வு மாணவர், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ என்ற பேராசிரியர், எரிக் ஸ்வான்சன் என்ற பொறியாளர் ஆகியோர் கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கி, 1991-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் ஒளியின் வேகத்துக்கு எந்தக் கடிகாரமும் ஈடுகொடுக்காது. அதனால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் ஒப்பிட்டு ஆழத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 1996-ல் விற்பனைக்கு வந்த கருவி, இன்று சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை வீக்கத்தையும் கண் நீர் அழுத்த நோயையும் கண்காணிக்க உலகமெங்கும் பயன்படுகிறது. மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஒளியால் நோயறியும் தேடல் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையில் பேராசிரியர் எஸ். கணேசன் குழுவினர், திசுவும் ரத்தமும் தாமாகவே உமிழும் ஒளிர்வை வைத்து வாய்ப்புற்றை அடையாளம் காண முடியுமா என்று நீண்ட காலம் ஆய்ந்தார்கள். குறிப்பிட்ட நிற ஒளி பட்டால் திசுவிலுள்ள சில வேதிப்பொருள்கள் வேறு நிறத்தில் மினுங்கும். புற்று தொடங்கிய இடத்தில் அந்த மினுங்கல் மாறுபடும். மும்பை டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகத்தில் இதே வாய்ப்புற்றுக்கு ராமன் நிறமாலையைச் சோதித்திருக்கிறார்கள். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்த அதே ஒளிச்சிதறல்தான். லேசர் 1960-ல் வந்த பிறகு, மங்கலான அந்தச் சிதறலை நோயறியப் பயன்படுத்தும் வழி திறந்தது.

புகையிலை போடும் பழக்கமுள்ள ஊர்களுக்கு இந்த ஆய்வுகள் வெறும் கல்லூரிச் செய்தி அல்ல. ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளிச் சோதனை சந்தேகத்தை எழுப்பும். தீர்ப்புச் சொல்வது இன்றும் சதையில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். வாயில் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், முகாமில் வெளிச்சம் அடித்துப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று சொல்லியிருந்தாலும், மருத்துவமனைக்குப் போய் பயாப்ஸி தேவையா என்று கேட்க வேண்டும்.

லேசர் என்றதும் பயம் வருவது இயல்பு. “கண்ணுல லேசர் வெச்சாங்க” என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் சிகிச்சை லேசரை. சர்க்கரை நோயால் விழித்திரை மேலும் கெடாமல் இருக்க அது சில இடங்களைச் சுடுகிறது. படம் பிடிக்கும் ஒளி வேறு. அதன் சக்தி மிகக் குறைவு, எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சும் அதில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் சட்டமும் தெளிவாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது இதுதான்: பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலை சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்கேனுக்குத் தலையாட்டியவருக்கு லேசர் சிகிச்சை தர வேண்டுமானால் மறுபடியும் விளக்கி, மறுபடியும் கேட்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது? கருவியைவிட அதைச் சுற்றி நடப்பவற்றில். விழித்திரையைப் பார்ப்பதற்கு முன் கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை அந்த வளைவுகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துணைக்கு ஒருவரை அழைத்து வரச் சொல்வது மருத்துவமனையின் கடமை; சொல்லாவிட்டால் நோயாளியே கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, ரத்தக்குழாயைப் படம் பிடிக்கக் கையில் போடும் மஞ்சள் சாய ஊசி. தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாவது சாதாரணம், குமட்டலும் வரலாம். அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும் ஆஸ்துமா இருந்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்று ஊசி இல்லாமலே ஓ.சி.டி. மூலம் ரத்தக்குழாயைப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. அது போதுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஒளி தோலுக்குள் போகும்போது கருமை நிறமி அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரை கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். கருப்பின நோயாளிகளில் ஆபத்தான ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளுத்த தோலில் மட்டும் சரிபார்த்த ஒளிக்கருவி கரிய தோலில் பொய் சொல்லலாம். அதனால் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் கள்ளக்குறிச்சி விவசாயக் கூலிகளும் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெறுவது அவர்களுக்கே நல்லது. அவர்களை ஒதுக்கிவிட்டு உருவாகும் கருவி, நாளை அவர்களுக்குத்தான் தவறான அளவைக் காட்டும்.

இடம்பெறுவது என்றால் எப்படி என்பதுதான் கேள்வி. எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 2009-ல் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவிகள். சில சாவுகளுக்குப் பிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் அம்பலமானது. பெற்றோர் இருக்க, பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ள கல்வராயன் மலைக்கு இந்தச் செய்தி நேராகவே பொருந்தும். பிள்ளையின் கண்ணையோ வாயையோ ஆய்வுக்காகப் படம் எடுக்க வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தலைமை ஆசிரியரின் முத்திரை அதற்கு ஈடாகாது.

ஜாகீர்தார்களின் பிடியில் 1976 வரை இருந்த மலை கல்வராயன். என்னவென்று தெரியாத காகிதத்தில் ரேகை வைத்த அனுபவம் அங்கே பழங்கதை அல்ல. ஆகவே ஆய்வு ஒப்புதலுக்கான விதிகளை அங்கே கூடுதல் அக்கறையோடு சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் அதே ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளும் அடிப்படை. மனிதர்கள் மீதான எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. விளக்கத் தாள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கலாம். படிவத்தின் ஒரு நகலைக் கையில் தர வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. முகாம் வரிசையில் இரண்டு நிமிடத்தில் வாங்கும் ரேகை, இவற்றில் எதையும் நிறைவேற்றுவதில்லை.

படங்கள் எங்கே போகின்றன என்றும் கேட்க வேண்டும். கூகுள் 2016-ல் வெளியிட்ட விழித்திரைக் கணினி நிரலுக்கு 1,28,175 படங்கள் பயிற்சிக்கு உதவின; அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுகளுக்கு விலக்கு தர இடம் வைத்திருக்கிறது. அதனால் பெயர் நீக்கப்படுமா, படம் நிறுவனங்களுக்குப் போகுமா, விலகினால் அழிப்பார்களா என்ற மூன்றுக்கும் படிவத்திலேயே பதில் கேட்பதுதான் பாதுகாப்பு.

தவறு நடந்துவிட்டால் முதல் கதவு, படிவத்தில் தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டிய நெறிமுறைக் குழு. ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். மருத்துவப் பதிவேட்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு, முதல்வர் உதவி எண் 1100, நீதிமன்றம் என்று வேறு வழிகள் உண்டு.

வழக்கு என்றால் செலவாகுமே என்று பின்வாங்கத் தேவையில்லை. பழங்குடியினர், பட்டியலினத்தவர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள். அதற்கான எண் 15100.