கடன் கொப்பிக்கு இன்னொரு பிரதி

கிளிவெட்டியில் பசளைக் கடை வைத்திருப்பவனுக்குக் கையில் இருக்கும் காசைவிட வெளியில் நிற்கும் காசுதான் அதிகம். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் யூரியாவும் கிருமிநாசினியும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கடனுக்குப் போகும். அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் அது திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் என் முதல் முழுவதும் ஒரு கொப்பிக்குள் இருக்கிறது. அந்தக் கொப்பி தொலைந்தால் கடன் வாங்கியவர் இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால் எத்தனை அந்தர், எந்தத் திகதி, எவ்வளவு கட்டினார் என்பதில் இருவருக்குமே சந்தேகம் வந்துவிடும். பத்து வருடப் பழக்கம் அதோடு கெட்டுவிடும்.

கொப்பி தொலைவது எப்படி என்று இப்பகுதி வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்ட்டில் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளைத் தூக்கவே கை போதவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. இப்போது என் கணக்கு கணனியில் இருக்கிறது என்று சொன்னால் சிலர் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கணனியும் தண்ணீரில் நனையும். இடி விழுந்தால் கொப்பி எரியாது, கணனி எரியும்.

ஆகவே கடையிலுள்ள கணக்கு மூதூரில் வீட்டுக் கணனியிலும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மகன் எனக்குக் காட்டித்தந்தது ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள். இதற்குப் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் எனக்கும் வெறுப்பாகத்தான் இருந்தது.

அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கரஸ் ஆகிய இருவரும் 1996 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டார்கள். தொலைபேசி வழியாக மெதுவாக ஓடிய இணைய இணைப்பில் பெரிய கோப்புகளை அனுப்புவது அன்று பெரும் செலவு. கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதாதா என்பதே அவர்களது கேள்வி. ஆனால் இரண்டு கோப்புகளும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது, எது மாறியது என்பதை அனுப்பிப் பார்க்காமல் எப்படி அறிவது?

இதை நமது பாஷையில் சொல்கிறேன். ஒரே கொப்பியின் இரண்டு பிரதிகள், ஒன்று கிளிவெட்டியில், மற்றது மூதூரில். மூதூரிலிருப்பவர் தனது பழைய பிரதியின் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் தொலைபேசியில் வாசிக்கிறார். கடையிலிருப்பவர் தன் கொப்பியில் சரிபார்க்கிறார். கூட்டுத்தொகை ஒத்துவரும் பக்கங்களை விட்டுவிட்டு, ஒத்துவராத பக்கத்தை மட்டும் முழுதாக வாசித்துக் கொடுக்கிறார். ஆர்சிங்க் செய்வதும் இதுவே. பெறும் கணனி தன் கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்பும். ஒன்று விரைவாகக் கணக்கிடக்கூடியது. மற்றது நேரமெடுக்கும், ஆனால் நம்பகமானது. முதலாவது ஒத்தால் மட்டும் இரண்டாவது பார்க்கப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியைப் புதிதாகச் செருகினால் பின்னாலுள்ள எல்லா வரிகளும் ஒரு வரி கீழே இறங்கிவிடும். எந்தப் பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துவராது. அதனால் அனுப்பும் கணனி பக்கம் பக்கமாகப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, எந்த இடத்தில் தொடங்கினால் பழைய துண்டு ஒத்துவருகிறது என்று தேடுகிறது. ஒரு எழுத்து நகரும்போது பழைய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் புதிய எண் கிடைத்துவிடும்படி முதலாவது எண்ணை அமைத்திருக்கிறார்கள். என்னைப் போல மொபைல் டேட்டாவுக்குக் காசு கட்டுபவனுக்கு இதன் அருமை தெரியும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும், அன்று எழுதிய கணக்கும் கொஞ்சம் சரிபார்ப்பு எண்களுந்தான் கம்பியில் போகும்.

இனி நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கடையில் சில நாட்கள் மின்சாரம் இருக்கவில்லை. கடன்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போய் இரவில் வீட்டுக் கணனியில் பதிந்தேன். மின்சாரம் வந்த அன்று வழமைபோலக் கடையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் கட்டளையைக் கொடுத்தேன். கடையிலிருந்த பழைய கணக்கு வீட்டிலிருந்த புதிய கணக்கின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. ஆறு நாள் கணக்கு இல்லை.

“வாப்பா, அது புதுசு பழசு பார்க்காது. எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் என்று நீங்க சொன்னா, அதை அப்படியே செய்யும்” என்றான் மகன்.

உண்மை அதுதான். கோப்பின் அளவோ திகதியோ வேறுபட்டால் மாற்றிவிடும். எது பிந்தியது என்று கேட்காது. பெறும் பக்கத்தில் புதியது இருந்தால் தொடாதே என்று சொல்ல ‘யூ’ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் எழுதியிருந்தால் அதுவும் உதவாது. அதற்கு யூனிசன் போன்ற இருவழி மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே கோப்பு இரு பக்கமும் மாறியிருந்தால் எதை வைப்பது என்று அவை கேட்கும். நான் வேறு வழி எடுத்தேன். கணக்கைக் கடையில் மட்டும் எழுதுவது, வீட்டுப் பிரதியில் கை வைப்பதில்லை. துண்டுகளைக் குப்பையில் போடாமல் லாச்சியில் வைத்திருந்ததால் அன்று தப்பினேன். இரண்டு துண்டுகள் கிடைக்கவேயில்லை. அந்த இருவரும் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். கடன் கொடுத்தவன் நான். அமானிதம் காத்தவர்கள் அவர்கள்.

இதைவிட ஆபத்தானது ‘டிலீட்’ என்ற சொல். கடையில் அழித்ததை வீட்டிலும் அழி என்பது அதன் பொருள். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால் அது தேவைதான். ஆனால் கணக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டால், கணனி வெற்றுக் கோப்புறையைக் காணும். வீட்டுப் பிரதியும் வெறுமையாகும். ஆகவே எந்தக் கட்டளையையும் முதலில் ‘என்’ என்ற எழுத்தோடு கொடுத்துப் பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். கோப்புறைப் பெயரின் முடிவிலுள்ள சாய்கோட்டையும் கவனியுங்கள். அது இருந்தால் உள்ளே இருப்பவை போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போய் இன்னொரு கோப்புறைக்குள் அமரும்.

ஒன்றுபோல ஆக்குவது வேறு, காப்புப் பிரதி வைப்பது வேறு. தவறையும் வைரஸையும்கூட ஒன்றுபோல ஆக்கிவிடலாம். 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் கணனி மேகத்தைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. இணையத்தோடு இணைந்திருந்த பிரதியும் தாக்கப்பட்டது. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. நமது கடை எம்மாத்திரம்!

இதற்கும் ஆர்சிங்க்கில் வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் திகதியிட்ட தனிக் கோப்புறையில் பிரதி எடுக்கச் சொல்லலாம். ‘லிங்க் டெஸ்ட்’ என்ற வசதியைச் சேர்த்தால், மாறாத கோப்புகள் நேற்றைய பிரதியோடு இணைக்கப்படுமே தவிர மீண்டும் இடம் பிடிக்காது. சாதாரண பென் டிரைவ்களின் அமைப்பில் இது வேலை செய்யாது.

சில சில்லறை விடயங்கள். கணக்கு மென்பொருளை மூடிய பிறகே அனுப்புங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிரதி பின்னர் திறக்காமல் போகலாம். விண்டோஸ் 10, 11 இல் லினக்ஸ் பகுதியை நிறுவி ஆர்சிங்க்கைப் பாவிக்கலாம். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி இலகுவானது, ஆனால் மாறிய கோப்பை முழுதாகவே அனுப்பும். வெளியிலிருந்து வீட்டுக் கணனியைத் தொட நிலையான இணைய முகவரியோ சிறு வாடகை சேர்வரோ தேவைப்படும். 2025 ஜனவரியில் ஆர்சிங்க்கில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு 3.4.0 பதிப்பில் அடைக்கப்பட்டன. அதற்கு முந்தியதை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளவும்.

நான் இப்போது கடை பூட்டுமுன் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் எடுத்து, கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி வீட்டு மேல் தட்டில் வைக்கிறேன். மாதம் ஒரு தடவை வீட்டுப் பிரதியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு பெயரைத் தொட்டு, அவரது பாக்கியைக் கடைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.