ஒலிம்பிக் நடக்காத ஆண்டுகளில் தாண்டியவர்

1948 ஆகஸ்ட் 4. லண்டன் வெம்பிளி அரங்கில் பெண்களுக்கான 80 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்று அப்போதுதான் முடிந்திருந்தது. நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயனும் பிரிட்டனின் மோரின் கார்ட்னரும் ஏறக்குறைய ஒன்றாகவே எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். இருவருக்கும் 11.2 வினாடி. முதலிடம் யாருக்கு என்பதை நிழற்படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முடிவுக்குக் காத்திருந்தபோது திடீரென பிரிட்டனின் தேசிய கீதம் ஒலித்தது. கார்ட்னர் வென்றுவிட்டார், தாம் தோற்றுவிட்டோம் என்றே ஃபேனி நினைத்தார். ஆனால், அரச குடும்பத்தினர் அரங்கிற்குள் நுழைந்ததால்தான் கீதம் ஒலித்தது. சிறிது நேரத்தில் படம் உண்மையைச் சொன்னது. தங்கம் ஃபேனிக்கே!

அந்த ஓட்டத்தை அவர் நன்றாகத் தொடங்கவில்லை. முதலில் பின்தங்கினார். பிறகு, எட்டிப் பிடித்த வேகத்தில் ஒரு தடையில் இடித்துத் தடுமாறினார். பள்ளித் திடலில் தடை ஓட்டம் ஓடியவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். ஒரு தடையில் கால் பட்டாலே அடுத்த தடைக்கான காலடிக் கணக்கு மாறிவிடும். 80 மீட்டருக்குள் அதைச் சரிசெய்ய நேரம் ஏது?

தொலைந்த 12 ஆண்டுகள்

1918இல் பிறந்த ஃபேனி முதலில் நீச்சலில்தான் ஆர்வம் காட்டினார். நாட்டில் ஏற்கெனவே சிறந்த நீச்சல் வீராங்கனைகள் பலர் இருந்ததால், பயிற்றுநர் அவரை ஓட்டத்தின் பக்கம் திருப்பினார். 18 வயதில் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. அமெரிக்க வீரர் ஜெசி ஓவன்ஸின் கையெழுத்தோடு வீடு திரும்பினார்.

பிறகு உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டுமே ரத்தாயின. நெதர்லாந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. ஓர் ஓட்ட வீராங்கனையின் உச்சமான 22, 26 வயதுகள் அப்படியே கைநழுவின. ஆனாலும் 1943இல் ஃபேனி உயரம் தாண்டுதலில் 1.71 மீட்டர், நீளம் தாண்டுதலில் 6.25 மீட்டர் என இரண்டு உலகச் சாதனைகளைப் படைத்தார். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய்.

30 வயதில் 4 தங்கம்

லண்டன் போட்டி வந்தபோது அவருக்கு 30 வயது, இரண்டு பிள்ளைகள். அவருக்கு வயதாகிவிட்டது என்று பிரிட்டிஷ் குழுவின் நிர்வாகி ஜேக் கிரம்ப் எழுதினார். வீட்டில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லிக் கடிதங்களும் வந்தன.

ஃபேனி 11 முறை களமிறங்கி 100 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். இடையில், 200 மீட்டர் அரையிறுதிக்கு முன், பிள்ளைகளை நினைத்து அழுது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். கணவரும் பயிற்றுநருமான யான் பிளாங்கர்ஸ்தான் அவரைத் தேற்றினார். அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் அவர் 0.7 வினாடி இடைவெளியில் வென்றார்.

அப்போது ஒரு பெண் மூன்று தனிநபர் போட்டிகளில் மட்டுமே பங்கேற்கலாம். அதனால் ஃபேனி நீளம் தாண்டவில்லை. அதில் தங்கம் பெற்ற தூரம் 5.69 மீட்டர். அவருடைய சாதனையோ 6.25!

1952 ஹெல்சின்கியில் உடல்நலக் குறைவோடு ஓடிய ஃபேனி, தடைகளில் இடித்து இறுதிச் சுற்றைப் பாதியில் நிறுத்தினார். 1955இல் ஓய்வு பெற்றார். 1999இல் அனைத்துலகத் திடல்தடச் சம்மேளனம் அவரை நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாக அறிவித்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி ரத்தானதும் என் ஓட்டக் காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். போட்டியே இல்லை, பயிற்சி எதற்கு என்று நினைத்தேன். போரும் ஊரடங்கும் ஒன்றல்ல. இருந்தாலும், லண்டனின் நான்கு தங்கங்களைவிட 1943இல் அவர் தாண்டிய தாண்டல்கள்தான் என்னை உறுத்துகின்றன. அடுத்த ஒலிம்பிக் எப்போது, நடக்குமா என்றே தெரியாத ஆண்டு அது. மீண்டும் திடல் திறந்தபோது அவர் தயாராக இருந்தார். நான் இல்லை.